வா என்று அழைக்கும் பூனை: மனெக்கி நெக்கோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் செத்தகாயா பகுதியில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நான்கைந்து பூனைப் பொம்மைகள் இருக்கும். அத்தைக்கு ஒன்று, சித்தப்பா கடைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. கொடுத்த மறுநாளே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஆளுக்கு ஆள் அதே சந்தேகம்தான். பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் பூனை ஏன் எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே இருக்கிறது?

டாட்டா இல்லை. "வா, வா" என்று கூப்பிடுகிறது. ஜப்பானிய மொழியில் 'மனெக்கு' என்றால் அழைப்பது, 'நெக்கோ' என்றால் பூனை. அழைக்கும் பூனை என்பதுதான் பெயரே.

நமக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு ஆச்சரியம். பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டு, கூட்டத்தில் நிற்கும் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறோம்? உள்ளங்கையைக் கவிழ்த்து, நான்கு விரல்களையும் சேர்த்து மடக்கி மடக்கி அழைக்கிறோம். ஜப்பானியர்களும் அப்படியே. உள்ளங்கையை மேலே காட்டி அழைக்கும் வழக்கம் மேல்நாட்டாருக்கு உரியது. அவர்களுக்கு ஏற்றுமதியாகும் சில பூனைகளின் பாதத்தையே திருப்பி, புறங்கை நம் பக்கம் தெரியும்படி செய்கிறார்கள். அத்தை தன் தையல் கடையில் ஒரு நாள் பூனைக்குப் பக்கத்தில் நின்று, தெருவில் போன பூக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு கைகளும் ஒரே மாதிரி அசைந்ததைப் பார்த்த பிறகு அவர் டாட்டா என்ற சொல்லையே விட்டுவிட்டார்.

இது சீனப் பொம்மைதானே? சிங்கப்பூரில் சீனர்களின் கடைகளில் எல்லாம் இருக்கிறதே.

பிறந்த இடம் ஜப்பான். சீன வணிகர்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டு, செல்வத்தை அழைக்கும் பூனை என்று தங்கள் மொழியில் பெயரும் வைத்து, போன ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் பெரும்பாலும் சீன உணவகத்தின் கல்லாவில்தான் இதை முதலில் பார்த்திருப்பார்கள். கை ஆடும் தங்க நிறப் பிளாஸ்டிக் பூனைகளில் பெரும்பகுதி இன்று சீனாவில் தயாராகிறது. அதனால் இந்தக் குழப்பம் இயல்பானதே.

ஆனால் ஒரு பழைய தொடர்பு உண்டு. பூனை முகம் கழுவும்போது அதன் கை காதைத் தாண்டிப் போனால் விருந்தாளி வருவார் என்று, சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தாங் அரச காலத்துச் சீன நூல் ஒன்றிலேயே எழுதியிருக்கிறது. காகம் கரைந்தால் விருந்து வரும் என்று நாம் சொல்வதைப் போல. வீட்டுப் பூனை பாதத்தை நக்கிக் காதுக்குப் பின்னாலிருந்து முகத்தைத் துடைப்பதைப் பாருங்கள். பாதி வழியில் நிறுத்திவிட்டால் அது மனெக்கி நெக்கோவேதான்.

எவ்வளவு பழையது? ஆயிரம் ஆண்டு வழக்கமா?

இல்லை. எடோ காலத்தின் கடைசியில், அதாவது டோக்கியோவின் பெயர் எடோ என்று இருந்த நாட்களின் முடிவில் வந்தது. கையில் கிடைக்கும் உறுதியான சான்றுகள் 1852-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அந்த ஆண்டு ஹிரோஷிகே என்ற புகழ்பெற்ற ஓவியர் வரைந்த மரச்செதுக்கு ஓவியம் ஒன்றில், தெருவோரக் கடையில் இந்தப் பூனைகளை அடுக்கி வைத்து விற்கிறார்கள். எடோ நகரத்து நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகத் தொகுத்த குறிப்பேட்டிலும் அதே ஆண்டில் அசக்குசா பகுதியில் விற்ற மண்பூனைகளைப் பற்றிய செய்தி இருக்கிறது.

முதல் பூனை எது? கதை ஏதாவது இருக்குமே?

பல கதைகள் உண்டு. எனக்கு நெருக்கமான கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கோயில் நான் குடியிருந்த தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். கோத்தோக்குஜி என்பது ஜென் பௌத்தக் கோயில். பதினேழாம் நூற்றாண்டில் அது சோற்றுக்கே வழியில்லாத சின்ன மடம். அங்கிருந்த துறவி தன் உணவில் பாதியைப் பூனைக்குப் போட்டு வளர்த்தாராம். "நன்றி இருந்தால் இந்த மடத்துக்கு நல்ல காலத்தைக் கொண்டுவா" என்று ஒரு நாள் அதனிடம் சொல்லியும் இருந்தாராம். பிறகு ஒரு கோடைக்காலத்தில் ஹிக்கோனே நாட்டுப் பிரபு ஈ நவோத்தக்கா, வல்லூறை வைத்து வேட்டையாடி முடித்து அவ்வழியே வந்தார். வாசலில் இருந்த பூனை கையைத் தூக்கித் தூக்கி அழைத்தது. என்னதான் இது என்று வியந்து உள்ளே போனார். போன சற்று நேரத்தில் இடியும் மழையுமாகக் கொட்டியது. நனையாமல் தப்பியதோடு, துறவியிடம் நல்ல உபதேசமும் கேட்டு மகிழ்ந்தார். 1633-இல் அதைத் தன் குலத்துக்குரிய கோயிலாக ஏற்று, நிலமும் பொருளும் கொடுத்தார். 1659-இல் அவர் இறந்தபோது சூட்டப்பட்ட பௌத்தப் பெயரிலிருந்துதான் கோத்தோக்குஜி என்ற பெயரே வந்தது. அவர் வம்சத்தாரின் கல்லறைகள் இன்றும் கோயிலின் பின்புறத்தில் வரிசையாக இருக்கின்றன.

இரண்டாவது கதை ஏழைப் பாட்டியுடையது. அசக்குசாவை அடுத்த இமாதோ பகுதியில் வாழ்ந்த ஒரு கிழவி, வறுமையால் தன் பூனையை விட்டுவிட வேண்டியதாயிற்று. அன்றிரவு கனவில் வந்த பூனை, "என் உருவத்தைச் செய்து வைத்தால் உனக்கு நல்லது நடக்கும்" என்றது. இமாதோ மண்பாண்டத்துக்குப் பெயர்போன இடம். அந்த மண்ணில் பூனை செய்து அசக்குசா கோயில் வாசலில் விற்றாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

இரண்டில் எது உண்மை?

பொம்மை எங்கே தொடங்கியது என்று கேட்டால், அசக்குசா பக்கம்தான் கை காட்டுவேன். மேலே சொன்ன 1852-ஆம் ஆண்டுக் குறிப்பு அந்தப் பக்கத்தைத்தான் பேசுகிறது. கோத்தோக்குஜியில் நவோத்தக்காவும் அவர் கொடையும் வரலாறு. பூனை அழைத்தது நம்பிக்கை. இமாதோ கோயிலுக்குப் போனால் "இங்குதான் பிறந்தது" என்பார்கள், கோத்தோக்குஜிக்குப் போனால் "இங்குதான்" என்பார்கள். இரண்டு இடங்களுக்கும் போய்க் கும்பிட்டு வந்தவன் நான். ஒருவரையும் மறுத்துப் பேச மனம் வரவில்லை.

இடது கையைத் தூக்கிய பூனையைக் கொடுத்துவிட்டாயே, இடது கையால் அழைப்பது அமங்கலம் இல்லையா?

சித்தப்பா கேட்ட கேள்வி இது. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஜப்பானில் பொதுவாகச் சொல்வது: இடது கை தூக்கிய பூனை மனிதர்களை, அதாவது வாடிக்கையாளர்களை அழைக்கும், வலது கை தூக்கியது பணத்தை அழைக்கும். கை எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு தொலைவிலிருந்து அழைக்கும் என்றும் சொல்வார்கள். காதுக்கு மேலே நீண்டிருந்தால் வெளியூர் வாடிக்கையாளர்! மளிகைக் கடைக்கு முதலில் வேண்டியது ஆள் என்று நினைத்துத்தான் இடது கைப் பூனையாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

இடது கை பற்றிய தயக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. கோத்தோக்குஜிப் பூனைகள் எல்லாமே வலது கைதான் தூக்கியிருக்கும். சாமுராய்கள் இடது கையைத் தூய்மைக் குறைவாகக் கருதினார்கள், அது பிரபு குலத்துக் கோயில், அதனால்தான் என்று அங்கே விளக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஜப்பானிய மொழியில் இடது கைப் பழக்கக்காரர் என்றால் குடிப் பிரியர் என்றும் பொருள். தச்சர் உளியைப் பிடிக்கும் கை இடது கை. 'உளிக் கை' என்ற சொல்லும் 'குடிப்பவர்' என்ற சொல்லும் ஒலியில் ஒன்றுபோல இருப்பதால் வந்த சிலேடை. அதனால் மதுக்கடைக்காரர்கள் இடது கைப் பூனையைத் தேடி வாங்குவதுண்டு.

அப்படியானால் இரண்டு கைகளையும் தூக்கியதை வாங்கினால் இரண்டும் வருமே?

அப்படியும் விற்கிறார்கள். பேராசை என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இரண்டு கைகளையும் தூக்குவது "இனி என்னால் ஆகாது" என்பதற்கான அடையாளமும்கூட. கடைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

கறுப்புப் பூனையைப் போய் யாராவது வீட்டில் வைப்பார்களா?

பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். கேள்வி நியாயமானதே. ஜப்பானில் கறுப்புப் பூனைக்கு மரியாதை அதிகம். இருட்டிலும் கண் தெரியும் என்பதால் தீயதை விரட்டும் காவலாக அதைக் கருதினார்கள். கண் திருஷ்டிக்கு வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோமே, அந்த வேலையைக் கறுப்பு மனெக்கி நெக்கோ செய்கிறது.

சிவப்பு, நோய் வராமல் காக்கும். பெரியம்மைக்குச் சிவப்பு நிறம் தடை என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது இது. வெள்ளையும், வெள்ளையில் கறுப்பும் பழுப்பும் திட்டுத்திட்டாக உள்ள மூவண்ணப் பூனையும்தான் மரபானவை. தங்க நிறம் பணத்துக்கு, இளஞ்சிவப்பு காதலுக்கு என்பதெல்லாம் பிற்காலக் கடைக்காரர்கள் சேர்த்தவை.

மடியில் வைத்திருக்கும் தங்கக் காசில் என்ன எழுதியிருக்கிறது?

அது கோபன் என்ற எடோ காலத்து நீள்வட்டத் தங்கக் காசு. உண்மையான கோபன் ஒன்றின் மதிப்பு, அந்தக் காலத்துப் பணக் கணக்கில் ஒரு ரியோ. பூனையின் காசிலோ 'ஆயிரம் பத்தாயிரம் ரியோ' என்று எழுதியிருக்கும். பெருக்கிப் பாருங்கள், சரியாக ஒரு கோடி! ஜப்பானியர்களின் எண்ணிக்கையில் ஒரு கோடிக்குத் தனிச் சொல் இல்லை, நமக்கு இருக்கிறது. அதனால் "ஒரு கோடி ரியோ" என்று நாம் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

'பூனைக்குக் கோபன்' என்று அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு. நாம் "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்போமே, அதே பொருள். பிள்ளைகள் பார்க்கும் போக்கிமான் படத்தில் நெற்றியில் காசுடன் வரும் மியாவ்த், இந்தப் பழமொழியையும் மனெக்கி நெக்கோவையும் சேர்த்துப் பிறந்ததுதான்.

கழுத்தில் சிவப்புப் பட்டையும் மணியும் எதற்கு?

எடோ காலத்தில் செல்லமாக வளர்க்கப்பட்ட பூனைகளுக்குச் சிவப்புத் துணிப் பட்டை கட்டி மணி தொங்கவிடுவார்கள். அந்தக் காலத்து ஓவியங்களிலும் அப்படியே காணலாம். இது தெருப் பூனை அல்ல, யாரோ அன்பாக வைத்திருந்த வீட்டுப் பூனை என்பதற்கு அடையாளம் அது. பொம்மையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எது அசல், எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல், போலி என்று பிரிக்க வேண்டாம். எந்த ஊர், எந்தப் பொருள் என்று பாருங்கள். குண்டு உடலும் பெரிய கண்களும் வயிற்றில் கோபனுமாக உலகம் முழுவதும் தெரிந்த வடிவம், ஐச்சி மாநிலத்தின் தொக்கோனாமே என்ற பழைய சூளை ஊரில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவானது. அந்த ஊரில் சாலைக்கு மேலே 3.8 மீட்டர் உயரமும் 6.3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பூனைத் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே மாநிலத்துச் செத்தோவின் பூனைகள் ஒல்லியாக, நிஜப் பூனையைப் போல நீண்ட உடலுடன் இருக்கும். குத்தானி என்ற பீங்கான் வகைப் பூனைகளின் மேல் புள்ளிகளும் பூ வேலைப்பாடும் தடவினால் கையில் தட்டும். தக்காசாக்கி என்ற ஊரில் தருமா எனப்படும் உருண்டைப் பொம்மை செய்பவர்கள் காகிதக் கூழில் பூனையும் செய்கிறார்கள். அது காற்றுப் போல இலேசாக இருக்கும்.

பீங்கான் பூனையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சிறு துளை இருக்கும். களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, ஓரத்தில் படிந்த மண் ஓரளவு இறுகியதும் நடுவில் மிஞ்சியதைக் கொட்டிவிடுவார்கள். அதனால் உள்ளே வெற்றிடம். துளை இல்லாவிட்டால் சூளையில் உள்காற்று விரிந்து பொம்மை வெடிக்கும். முதுகில் நீளமான பிளவு இருந்தால் அது உண்டியல்.

என் பிளாஸ்டிக் பூனையின் கை ஆடுவதை நிறுத்திவிட்டது. சாமிக் குற்றமா?

இல்லை. பெரும்பாலும் பேட்டரி, அல்லது கை சிக்கியிருக்கும். இந்தப் பூனையின் உள்ளே மோட்டார் கிடையாது. கையின் கீழ் நுனியில் ஒரு சிறு காந்தம், அதற்கு நேர் கீழே அடிப்பாகத்தில் செம்புக் கம்பிச் சுருள். காந்தம் சுருளைக் கடக்கும்போதெல்லாம் சின்ன மின்சுற்று ஒன்று ஒரு துடிப்பு மின்சாரம் கொடுத்து அதைத் தள்ளிவிடும். ஊஞ்சல் திரும்பிப் போகத் தொடங்கும்போது மெல்லத் தள்ளிவிடுவதைப் போல. அதனால்தான் சூரிய ஒளிச் சில்லு தரும் சிறு மின்சாரமே அதற்குப் போதும்.

கையின் அச்சு இரு பக்கமும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சமமான பலகையில் வையுங்கள். பேட்டரி கசிந்து பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்திப் புதியது போடுங்கள். பிறகு கையை ஒரு தடவை மெல்லத் தட்டிவிட்டால் போதும்.

வாஸ்துப்படி எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும்?

ஜப்பானியக் கடைகளில் நான் கண்ட விதி ஒன்றுதான்: வருபவர் கண்ணில் பட வேண்டும். வாசலைப் பார்த்து வைப்பார்கள், அல்லது தெருவைப் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்கள். அழைப்பதுதானே அதன் வேலை? தென்கிழக்கு மூலை, செல்வ மூலை என்பதெல்லாம் சீன ஃபெங் சுயியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அத்தை முதலில் பூனையைத் தையல் இயந்திரத்தைப் பார்த்து வைத்திருந்தார். "அது யாரை அழைக்கும், அத்தை?" என்று கேட்டுத் தெருப் பக்கம் திருப்பி வைத்தேன்.

பூஜை அறையில் வைக்கலாமா?

ஜப்பானியர்களுக்கும் பூனை தெய்வம் அல்ல. கோத்தோக்குஜியில் வழிபடப்படுவது கருணையின் வடிவான கன்னோன் என்ற போதிசத்துவர். பூனை அந்தக் கருணையின் தூதர் மட்டுமே. கன்னோன் என்பவர் வேறு யாரும் இல்லை, அவலோகிதேசுவரர். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று பதினோராம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறதே, அவரேதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் அந்தக் கோயில் எனக்கு அந்நியமாக இல்லாமல் போயிற்று. ஆனாலும் பூனைக்கு உகந்த இடம் பூஜை அறை அல்ல, வாசல். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

பிறர் வாங்கிக் கொடுத்தால்தான் பலிக்குமாமே?

ஜப்பானில் அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. தாங்களே வாங்குகிறார்கள், கடை திறப்புக்குப் பரிசாகவும் கொடுக்கிறார்கள்.

சரி, நேராகவே கேட்கிறேன். இது பலிக்குமா?

கோத்தோக்குஜிப் பூனைகளின் கையில் காசு இருக்காது. வெறும் கைதான். கோயில் தரப்பில் சொல்லும் விளக்கம் இது: பூனை வாய்ப்பை அழைத்துத் தரும், பலனைக் கொண்டுவந்து கையில் வைக்காது, வந்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது நம்மைப் பொறுத்தது. நவோத்தக்காவை உள்ளே அழைத்ததோடு பூனையின் வேலை முடிந்துவிட்டது. அவரை அமர்த்தித் தேநீர் கொடுத்துப் பேசி மனத்தைத் தொட்டவர் துறவி. நான் நம்புவதும் இந்த அளவுக்குத்தான், ஆனால் அதை முழுமையாக நம்புகிறேன்.

பூனை வந்த பிறகு அத்தை கடை வாசலைத் தினமும் பெருக்கிக் கோலம் போடுகிறார். அடைத்து வைத்திருந்த முன் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். "கூப்பிடுகிற இடம் குப்பையாக இருந்தால் எப்படி?" என்பது அவர் சொன்ன காரணம்.

கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஏதாவது கெட்டது நடக்குமா?

பயப்பட வேண்டாம். நமக்கு வரவிருந்ததைத் தான் வாங்கிக்கொண்டது என்று ஆறுதலாகச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. துண்டுகளை வெள்ளைத் தாளில் சுற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நன்றி சொல்லி அப்புறப்படுத்துவார்கள். இங்கும் அப்படியே செய்யலாம்.

டோக்கியோ போகிறேன். கோயிலுக்கு எப்படிப் போவது, எப்போது போவது?

ஒடாக்கியு வழித்தடத்தில் கோத்தோக்குஜி என்றே ஒரு நிலையம் உண்டு, வாசலில் பூனைச் சிலையும் உண்டு. எனக்குப் பிடித்தது செத்தகாயா வழித்தடத்தின் இரண்டு பெட்டி ரயில்தான். மியானோசாக்கா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பூனை ரயிலே வரும்: தரையில் பாதச் சுவடுகள், கைப்பிடி வளையங்கள் பூனைத் தலை வடிவில். கோயிலில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் பூனைகள் தோளோடு தோள் உரசி நிற்கும். விரல் அளவில் இருந்து முழங்கால் உயரம் வரை. மழை நாளில் போனால் அத்தனை முகங்களிலும் நீர்த்துளிகள். மூன்றடுக்குக் கோபுரத்தின் மரச்செதுக்குகளிலும் பூனைகள் ஒளிந்திருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

செப்டம்பர் 29 மனெக்கி நெக்கோவின் நாள். 9, 2, 9 என்ற எண்களை ஜப்பானிய ஒலியில் சேர்த்துப் படித்தால் 'வரும் நற்பேறு' என்று காதில் விழும். அதையொட்டிச் செத்தோவில் நடக்கும் விழாவில் பெரியவர்கள்கூட முகத்தில் மீசை வரைந்துகொண்டு திரிவார்கள்.

நினைத்தது நடந்துவிட்டால் பூனையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாமே?

கோத்தோக்குஜியின் வழக்கம் அது. பூனையை வாங்கி வீட்டில் வைத்து வேண்டிக்கொண்டு, நிறைவேறியதும் கொண்டுவந்து நன்றியோடு அந்த வரிசையில் விடுவார்கள். நேர்த்திக்கடன் போலத்தான். மேலே சொன்ன ஆயிரக்கணக்கான பூனைகளும் அப்படிச் சேர்ந்தவை. கட்டாயம் இல்லை, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்.

போன ஆண்டு அத்தை கடைக்கு ஒரு பள்ளியின் சீருடை வேலை முழுவதும் வந்தது. நான் திரும்பவும் டோக்கியோ போகவிருந்ததால், பூனையைக் கொண்டுபோய் விட்டுவரவா என்று கேட்டேன். அத்தை அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்கு வந்த பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாண் சிவப்பு நாடாவை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். மியானோசாக்காவில் இறங்கிப் போய், வரிசையின் ஓரத்தில் கழுத்துப் பட்டை வெளுத்துப்போயிருந்த ஒரு பூனைக்கு அதைக் கட்டிவிட்டு வந்தேன்.